சிராங்கூன் சாலையைப் பாடநூலாகக் கொள்ளுதல்: சிங்கப்பூரில் இளங்கலைப் புவியியற் கல்வியும் தமிழும்

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் புவியியல் பயில விரும்பும் மாணாக்கரைப் பார்த்துப் பெற்றோர் எழுப்பும் வினா பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது. நாடுகளின் தலைநகரங்களையும் ஆறுகளின் பெயர்களையும் மனனம் செய்வதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்பதே அவ்வினா. பள்ளிப் பாடமாகப் புவியியலைக் கற்றுத் தேர்வு எழுதியதோடு அதனை விட்டுவிட்டவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால், இளங்கலை நிலையில் அப்பாடம் 'எது எங்கே உள்ளது' என்பதோடு நின்றுவிடுவதில்லை. அஃது ஏன் அங்கே உள்ளது, யாருடைய முடிவால் அங்கே வந்தது, அங்கிருந்து எது வெளியேற்றப்பட்டது என்னும் வினாக்களே அங்கு முதன்மை பெறுகின்றன. இவ்வினாக்கள் தமிழர் வாழ்விடங்களைப் பற்றியும் கேட்கப்பட வேண்டியவை. எனவே, சிங்கப்பூரில் இளங்கலைப் புவியியற் கல்வி எத்தகையது என்பதையும், தேக்கா வட்டாரத்தை அக்கல்வியின் கண்கொண்டு பார்க்கும்போது புலப்படுவன யாவை என்பதையும், இதில் தமிழாசிரியர்க்குரிய பங்கு யாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

துறையின் பின்புலம்

சிங்கப்பூரில் புவியியல் உயர்கல்விப் பாடமானது 1928இல், இராஃபிள்ஸ் கல்லூரியில் ஆகும். 1949இல் அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானபோது புவியியல் துறையும் அதன் அங்கமாயிற்று. அத்துறையை வழிநடத்திய ஈ. எச். ஜி. டாபி என்பார் தென்கிழக்காசியாவைப் பற்றி 1950இல் வெளியிட்ட நூல் நெடுங்காலம் பாடநூலாகப் பயன்பட்டது. 1953இல் துறையின் ஆய்விதழ் தொடங்கப்பெற்றது. 'மலாயா வெப்பமண்டலப் புவியியல் ஆய்விதழ்' என்னும் பெயருடன் பிறந்த அவ்விதழ் 1980 முதல் 'சிங்கப்பூர் வெப்பமண்டலப் புவியியல் ஆய்விதழ்' என வழங்குகின்றது. அதன் முதல் தொகுதியிலேயே சிங்கப்பூரில் இனக்குழுக்கள் எங்கெங்கே செறிந்து வாழ்கின்றன என்பதைப் பற்றி பி. டபிள்யூ. ஹாடர் எழுதிய கட்டுரை இடம்பெற்றது. வெப்பமண்டல மண்ணையும் மழையையும் ஆராயத் தொடங்கிய ஓர் இதழ் தன் முதல் ஆண்டிலேயே மக்கள் குடியிருப்பையும் ஆய்வுப்பொருளாகக் கொண்டது குறிப்பிடத்தக்கது.

தமிழாய்வாளர்கள் மறவாமல் நினைவுகூர வேண்டிய பெயர் கெர்னியல் சிங் சந்து. மலாயாவில் இந்தியர் குடியேற்றத்தைப் பற்றி, 1786 முதல் 1957 வரையிலான காலத்தை எல்லையாகக் கொண்டு, 1969இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூலை இன்றும் நம் ஆய்வேடுகள் மேற்கோள் காட்டுகின்றன. அவரை வரலாற்றாசிரியர் என எண்ணுவோரும் உளர். ஆனால், அவர் புவியியலாளர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டதும், 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்ததும் வரலாற்றுச் செய்திகள். தமிழகத்தின் எம்மாவட்டத்திலிருந்து, எத்துறைமுகத்தின் வழியாக, எத்தோட்டத்துக்கு என்று அதே செய்திகளை நிலப்படத்தில் வைத்துக் கேட்பது புவியியலாளரின் முறை. அந்த முறையினாலேயே அந்நூல் நிலைத்தது என்பது நம் கருத்து.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் 1980இல் இணைந்து சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் அமைந்தபின் புவியியல் கலை, சமூக அறிவியல் புலத்தின்கீழ் நடைபெற்று வருகின்றது. 2021 முதல் அப்புலத்தின் இளங்கலை மாணாக்கர் மானிடவியல், அறிவியல் கல்லூரி என்னும் பொது அமைப்பின்வழி சேர்க்கப்படுகின்றனர். பள்ளிகளுக்கு வேண்டிய புவியியல் ஆசிரியர்களைத் தேசியக் கல்விக் கழகம் உருவாக்குகின்றது. தமிழாசிரியர்கள் பயிற்சி பெறுவதும் அதே வளாகத்தில்தான். எனினும், இவ்விரு சாராரும் தத்தம் பாடம் குறித்து ஒருவரோடொருவர் உரையாடும் வாய்ப்பு மிகக் குறைவு.

பாடப்பிரிவுகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிலவுருவம், காலநிலை, நீர் ஆகியவற்றை ஆராயும் இயற்கைப் புவியியல் ஒருபுறம்; நகரம், குடிபெயர்வு, பொருளியல், பண்பாடு ஆகியவற்றை ஆராயும் மானிடப் புவியியல் மறுபுறம்; இரண்டுக்கும் பொதுவான கருவியாகப் புவித்தகவல் முறைமை. இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும் மாணாக்கர் தப்ப முடியாத ஒன்று உண்டு. அதுவே களப்பணி. நூலகத்திலிருந்தே பட்டம் பெற்றுவிடலாம் என்று எண்ணி வருபவர்களை இத்துறை வெயிலில் நடக்க வைக்கின்றது.

தெருப்பெயர்களும் நிலமும்

களப்பணி மாணாக்கர் தேக்காவுக்குச் செல்வதாகக் கொள்வோம். முதலில் அவர்கள் காண வேண்டியது பெயர்ப்பலகைகளை. சிங்கப்பூர்த் தெருப்பெயர்களை ஆராய்ந்து நூலாக்கிய விக்டர் சாவேஜ், பிரெண்டா இயோ ஆகிய இருவரும் புவியியல் துறைப் பேராசிரியர்களே என்பது தற்செயலன்று. 'கெர்பாவ்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு எருமை என்பது பொருள். கெர்பாவ் சாலையும் ஆங்கிலத்தில் எருமையைக் குறிக்கும் பஃபலோ சாலையும் அருகருகே உள்ளன. மாட்டைக் குறிக்கும் 'லெம்பு' என்னும் மலாய்ச் சொல்லும் ஒரு சாலையின் பெயராக விளங்குகின்றது. கல்கத்தாவிலிருந்து வந்து கால்நடை வணிகம் செய்த பெலிலியோஸ் என்பாரின் பெயரில் ஒரு சாலை இருக்கின்றது. சிங்கப்பூரில் பிறந்தவர் பலர் முதன்முதலாக உலகைக் கண்ட கே. கே. மருத்துவமனையின் பெயரில் ஒளிந்திருப்பது 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம்.

எருமைகள் ஏன் இங்கே வந்தன? இதற்கு விடை நிலத்தில் உள்ளது. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய இப்பகுதி தாழ்வானது, நீர் தேங்குவது, புல் வளர்வது. நகர மையத்துக்கு அண்மையிலும் இருந்தது. கால்நடை வளர்ப்போர்க்கு வேண்டிய மூன்றும், அதாவது நீரும் தீவனமும் சந்தையும், ஓரிடத்தில் அமைந்தன. மாடு மேய்ப்போரும் பால் விற்போரும் வண்டியோட்டிகளும் அவற்றைத் தொடர்ந்து வந்தனர். அவர்களுள் தமிழர் மிகுதி. 1840களில் அருகிலேயே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. 1933இல் அது புக்கித் தீமாவுக்கு மாற்றப்பட்டுவிட்டாலும் ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இன்னொரு பெயர் நம் கவனத்துக்குரியது. கம்போங் கப்போர் எனப்படும் பகுதியைத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று வழங்கினர். 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் 'கம்பம்' ஆயிற்று. 'கப்போர்' என்றால் சுண்ணாம்பு. கட்டடங்களுக்கு வேண்டிய சுண்ணாம்பு இங்கே பக்குவப்படுத்தப்பட்டது. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இருந்த இந்தியக் கைதிகள் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களில் பூசப்பட்டது சென்னைச் சுண்ணாம்புச் சாந்து. முட்டை வெண்கருவும் வெல்லமும் தேங்காய் நாரூறிய நீரும் கலந்து அரைக்கப்படும் அந்தச் சாந்து சோழமண்டலக் கரையின் கைவினை. ஒரு தெருப்பெயரைப் பற்றிக்கொண்டு தொழில்நுட்பம், தண்டனை முறை, கடல்வழிக் குடிபெயர்வு ஆகிய மூன்றினையும் எட்ட முடிகின்றது. அத்தமிழ்ப் பெயர் இன்று எந்த நிலப்படத்திலும் அச்சாவதில்லை. முதியோர் நினைவிலும் சில நூல்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளது.

'தேக்கா' என்னும் பெயரையும் இங்கே சுட்டலாம். தமிழ் ஒலியோடு அமைந்திருப்பதால் தேக்கு மரத்தோடு தொடர்புபடுத்த நம் மனம் விழையும். அது ஹொக்கியன் சொல்லாகும். சிறு மூங்கில்களின் அடி என்பது அதன் பொருள். 1915இல் கட்டப்பட்ட பழைய சந்தை 1982இல் சாலையின் மறுபுறம் மாறியபோது, இப்பெயரின் மாண்டரின் வடிவமான 'சூஜியாவ்' அதற்குச் சூட்டப்பட்டது. மக்கள் நாவில் அது ஒட்டவில்லை. 2000இல் தேக்கா என்னும் பெயரே மீண்டது. கெர்பாவ் சாலையில் இன்று சுற்றுலாப் பயணிகள் வண்ணங்களுக்காகப் படமெடுத்துக்கொள்ளும் மாளிகை, 1900இல் கட்டப்பட்ட, மிட்டாய் ஆலைகளை நடத்திய டான் டெங் நியா என்னும் சீன வணிகருடையது. இதுபோன்ற சான்றுகள், 'லிட்டில் இந்தியா' தொடக்கம் முதலே தூய இந்தியக் குடியிருப்பாக இருந்தது என்னும் எளிய கூற்றை ஐயுற வைக்கின்றன.

உண்மையில், சிங்கப்பூரில் இந்தியர்க்கென முதலில் வகுக்கப்பட்ட இடம் இதுவன்று. 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் 'சூலியா கம்பம்' சிங்கப்பூர் ஆற்றங்கரையில் குறிக்கப்பட்டது. 1826இல் தோன்றிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும் 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயிலும் சௌத் பிரிட்ஜ் சாலையில் உள்ளன. அஃதாவது, இன்று 'சைனாடவுன்' என அழைக்கப்படும் வட்டாரத்தில் உள்ளன. செட்டியார்களின் கிட்டங்கிகள் மார்க்கெட் தெருவில் இருந்தன. துறைமுகத் தொழிலாளர் தஞ்சோங் பகாரிலும், கடற்படைத் தளத்தில் பணியாற்றியோர் செம்பாவாங்கிலும் வாழ்ந்தனர். 'லிட்டில் இந்தியா' என்னும் பெயர் பரவலானது 1980களில், சுற்றுலாத் துறையின் முயற்சியால்தான். 1989இல் அது பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அவ்வாறு அறிவிக்கப்பட்டபோது காக்கப்பட்டவை கடைவீடுகளின் முகப்புகள். அவற்றினுள் நடந்த தொழில்களைக் காக்க எச்சட்டமும் இல்லை. 2001இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டபின் மாவரைக்கும் கடைகள் போன்ற சிறுதொழில்கள் சந்தை வாடகையை எதிர்கொள்ள வேண்டியவையாயின.

வாழிடமும் வருமிடமும்

அதே 1989ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மற்றொரு கொள்கை தமிழ் வளர்ச்சியில் அக்கறையுடையோர் ஆழ்ந்து நோக்க வேண்டியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தாரும் இத்தனை விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்னும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையே அது. இனப்பூசல் கண்ட நாடொன்றில் அக்கொள்கைக்கான காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆயினும், அதன் புவியியல் விளைவு ஒன்றுண்டு. மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினராகிய இந்தியர் தீவெங்கும் மெல்லிதாகப் பரவி வாழ்கின்றனர். தமிழே தெருமொழியாக விளங்கும் குடியிருப்பு வட்டாரம் எதுவும் இல்லை. தேக்கா தமிழர்க்கு வாழிடமன்று, வருமிடம். மீனும் மல்லிகையும் வாங்கவும், கோயிலுக்குச் செல்லவும், தீபாவளிச் சந்தையைக் காணவும் பெருவிரைவு இரயிலேறி வந்து திரும்பும் இடம்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. வீட்டுமொழிச் சரிவைப் பற்றிப் பேசும்போது நாம் பெற்றோரின் மனப்பான்மையையும் பாடத்திட்டத்தையும் ஆராய்கின்றோம், இடத்தை ஆராய்வதில்லை. மாடியிலிருந்து இறங்கிய சிறுவனுக்குத் தமிழில் விளையாட எத்தனை நண்பர்கள் எத்தனை மீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றனர் என்பதும் மொழிக்கல்வி சார்ந்த வினாவேயாகும். இவ்வினாவுக்குரிய முறையியல் புவியியல் துறையிடம் உள்ளது. வினாவின் அருமை தமிழாசிரியர்க்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை

தேக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வேறோர் ஊராக மாறுகின்றது. கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறைகளிலும் பணிபுரியும் தமிழக, வங்காளதேச ஊழியர்கள் தீவின் விளிம்புகளிலுள்ள தங்குவிடுதிகளிலிருந்து இங்கே திரள்கின்றனர். ஊருக்குப் பணம் அனுப்புவதும், முடி வெட்டிக்கொள்வதும், ஒரே ஊர்க்காரர்கள் புல்வெளியில் அமர்ந்து பேசுவதும் அன்றைக்குத்தான். சுவீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் எழுதிய கட்டுரையொன்றில் மனிதரின் அன்றாட இயக்கத்தை நிலத்தோடு காலத்தையும் சேர்த்து வரைய வேண்டும் என்றார். உடலாற்றலும் போக்குவரத்தும் விதிக்கும் வரம்புகள், பிறரோடு ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூட வேண்டிய தேவை விதிக்கும் வரம்புகள், அதிகாரம் விதிக்கும் வரம்புகள் என அவர் மூன்றாகப் பகுத்தார். தங்குவிடுதி ஊழியரின் ஞாயிற்றுக்கிழமையை இம்மூன்றும் கச்சிதமாக விளக்குகின்றன. நண்பர் ஒவ்வொருவரும் வெவ்வேறு விடுதியில் இருக்க, அனைவர்க்கும் விடுப்பு ஒரே நாளில் அமைய, எல்லாப் பேருந்துகளும் வந்து சேரும் ஓரிடத்தில் அவர்கள் கூடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதித் தமிழக ஊழியர் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன்பின் 2015இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் இவ்வட்டாரம் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாயிற்று. அதிகாரத்தின் வரம்பு ஒரு நிலப்பகுதியின்மேல் கோடாக வரையப்படுவதை மாணாக்கர் இங்கே கண்ணால் காணலாம். அந்நிகழ்வைச் சட்டம் ஒழுங்குச் செய்தியாக மட்டும் படித்தவர்க்கும், அந்த ஞாயிற்றுக்கிழமையின் கால, இட அமைப்போடு சேர்த்துப் படித்தவர்க்கும் புரிதல் ஒன்றாக இராது.

'எந்த ஊர்?'

இங்கேதான் தமிழ் இன்றியமையாததாகின்றது. களப்பணி மாணாக்கர் ஆங்கிலத்தில் வகுத்த வினாநிரலோடு ஊழியரிடம் செல்கின்றார். தமிழ் மாணாக்கர் உடனிருந்தால் மொழிபெயர்க்குமாறு கேட்கப்படுகின்றார். 'உம்முடைய பிறப்பிடம் யாது' என்று அவர் எழுத்துத் தமிழில் கேட்டால் ஊழியர் மருள்வார். கடவுச்சீட்டில் உள்ள விடையைத் தருவார். 'அண்ணே, எந்த ஊரு?' என்று கேட்டால் உரையாடல் தொடங்கும். அவ்விடையும் ஒன்றாக இராது. வெளிநாட்டார்க்கு 'இந்தியா', சிங்கப்பூர்த் தமிழர்க்குத் 'தஞ்சாவூர்ப் பக்கம்', பட்டுக்கோட்டைக்காரர்க்குத் தம் சிற்றூரின் பெயர் எனக் கேட்பவரைப் பொறுத்து அது சுருங்கும், விரியும்.

மானிடவியலாளர் ஈ. வேலன்டைன் டேனியல் 1984இல் வெளியிட்ட நூலில், தேசம் என்பது எல்லைகளால் வரையறுக்கப்படுவது, ஊர் என்பதோ பேசுபவரின் நிலையைக் கொண்டு பொருள்படுவது என்று இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஈ-பூ துவான் 1977இல் எழுதிய நூலுக்குப்பின் 'வெளி', 'இடம்' என்னும் இரு கருத்துகளின் வேறுபாட்டை முதலாண்டு மாணாக்கரும் கற்கின்றனர். பட்டறிவு தோய்ந்த வெளியே இடம் என்பது அதன் சாரம். தமிழ் மாணாக்கருக்கு இக்கருத்தை விளக்க 'ஊர்' என்னும் ஒரு சொல் போதும். அச்சொல்லை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம் என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை என்பதே குறை.

திணைக் கோட்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் ஒருசேர முதற்பொருள் எனக் கொண்டது, காலத்தை நிலத்தோடு இணைக்கும் புவியியற் சிந்தனையோடு வைத்து எண்ணத்தக்கது. கற்பித்தலில் இவ்வொப்புமை பெரிதும் பயன்படும். ஆனால், திணை செய்யுள் மரபு. நில அளவை அன்று. குறிஞ்சியும் நெய்தலும் கருப்பொருள் உரிப்பொருள்களோடு கூடிய இலக்கிய உலகங்கள். இக்காலப் புவியியல் அனைத்தும் அன்றே தமிழரிடம் இருந்தது என்று மேடைகளில் முழங்குவது இரு துறைகளுக்கும் நன்மை செய்வதாக நமக்குத் தோன்றவில்லை. திணை மயக்கத்தை நன்கு கற்ற மாணவர், நிலம் மனிதரை முற்றிலும் தீர்மானிப்பதில்லை என்னும் புவியியல் விவாதத்தை எளிதில் பற்றிக்கொள்வார். அந்த அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

கலைச்சொற்கள்

தமிழில் புவியியல் பயில இயலாது என்று கருதுவோர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை நோக்க வேண்டும். அங்கே இளங்கலைப் புவியியல் தமிழிலேயே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. தமிழகத்திலோ 1926இலேயே சென்னைப் புவியியற் கழகம் நிறுவப்பட்டது. பின்னாளில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடநூல்களையும் வெளியிட்டது. ஆனால், இவ்விரு மரபுகளின் கலைச்சொற்கள் வேறுபடுகின்றன. தமிழகத்தில் 'அட்சரேகை' எனப்படுவது இலங்கையில் 'அகலக்கோடு'. 'தீர்க்கரேகை' அங்கே 'நெடுங்கோடு'. சொல்லைப் பார்த்தவுடனே பொருள் விளங்கும் இலங்கை வழக்கே வகுப்பறைக்கு ஏற்றது என்பது நம் எண்ணம்.

சிங்கப்பூர் மாணாக்கருக்கு இவ்விரண்டுமே பழக்கமில்லை. அவருக்கு உடனடித் தேவை கலைச்சொல் அகராதி அன்று. களத்தில் மக்கள் உண்மையில் வழங்கும் சொற்களின் பட்டியல். கடைவீடுகளின் முன்னுள்ள மூடிய நடைபாதையை 'ஐந்தடி நடைவழி' என்று மொழிபெயர்த்துத் திணற வேண்டியதில்லை. சிங்கப்பூர்த் தமிழர் அதனை 'அஞ்சடி' என்றே வழங்கி வந்துள்ளனர். செட்டியார்களின் வட்டித்தொழில் கூடத்துக்குக் 'கிட்டங்கி' என்னும் சொல் இருக்கின்றது. நகரச் சீரமைப்பில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டுவிட்டன, சொல் எஞ்சியிருக்கின்றது. 'கம்பம்' இருக்கின்றது.

உயர்நிலைப்பள்ளித் தமிழ் மாணவர் இருவரும் இளங்கலைப் புவியியல் மாணவர் ஒருவரும் இணைந்து, சிராங்கூன் சாலையில் தேக்கா முதல் பெருமாள் கோயில் வரை நடந்து, ஒவ்வொரு கடைவீட்டிலும் கீழ்த்தளத்தில் நடப்பது என்ன, மேல்தளத்தில் நடப்பது என்ன, பலகையில் எழுதப்பட்ட மொழிகள் எவை என்று குறித்துக்கொள்ளும் பயிற்சியை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். மறுவாரம் ஞாயிறு மாலையில் அதே சாலையில் மீண்டும் நடக்க வேண்டும். இரு நிலப்படங்களையும் அருகருகே வைத்து, பலகையில் இல்லாமல் அஞ்சடியில் கேட்ட தமிழை எவ்வாறு குறிப்பது என்று அவர்கள் தம்முள் வாதிட்டு முடிவுசெய்யட்டும். குறியீட்டு விளக்கத்தைத் தமிழில் எழுதும் பொறுப்பு பள்ளி மாணவர்க்கு; அளவுத்திட்டமும் திசைக்குறியும் புவியியல் மாணவர்க்கு.